லிஃப்டுக்கு ஆள் உண்டு, நுண்ணோக்கிக்கு உண்டா?

சுழலும் நாற்காலியில் சுழலாமல் வீற்றிருந்து, சுற்றியிருப்போரை மட்டும் சுழலவைக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! பார்த்திராத கருவியைப் பற்றியும் பத்துப் பக்கம் பேசவல்ல குழுவின் சான்றோர்களே! பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று இன்றுவரை புரியாமலே பெருமைப்படும் என் இனத் தகப்பன்மார்களே! புரிந்தும் வெளியே காட்டிக்கொள்ளாத தாய்மார்களே! கடைசி வரிசையில் தலைகுனிந்து கைபேசியை வழிபடும் ஆய்வு மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அந்த வகையில் இந்த மேடையிலுள்ள எல்லோரையும்விட ஒரு பத்தாம் வகுப்பு அதிகம். சிரிக்கலாம், தலைவரே சிரித்துவிட்டார்.

'ஆண்டு விழாவில் பெற்றோர் சார்பில் பேசுங்கள்' என்று என்னை அழைத்தார்கள். மகள் காலையிலேயே எச்சரித்தாள். "அப்பா, ரெண்டு வார்த்தை பேசிட்டு இறங்கிடுங்க. அந்த நாலாவது விதியைப் பத்தி மட்டும் வாயத் திறக்காதீங்க." திறக்க மாட்டேன். தகப்பன் வாக்கு!

அவள் இந்தப் பொதுப் பட ஆய்வகத்தில் ஆறாண்டுகள் நுண்ணோக்கியை இயக்கியவள். பட ஆய்வகம் என்றதும் ஸ்டுடியோ என்றே நான் நினைத்தேன். அடையாள அட்டைக்கு ஒரு படம் ஆகுமே என்று, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். "உங்க முகத்தை எடுக்க முடியாதுப்பா. முகத்துல இருக்கிற ஒரு செல்லை வேணா எடுக்கலாம்," என்றாள். எடுத்தாள். வீட்டில் காட்டினேன். "தனித்தனியாப் பாத்தா அழகாத்தான் இருக்கு. சேத்து வெச்ச இடத்துலதான் தப்பு நடந்திருக்கு," என்றாள் என் மனைவி.

பிறகு அவள் அறிவியல் கொள்கைத் துறைக்குப் போனாள். ஆய்வுக் கருவிகளை யார் வாங்குவது, யாரோடு பகிர்வது, யார் பேணுவது என்று விதி எழுதுகிற வேலை. மகிழ்ச்சி தாங்காமல் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் நானே தட்டச்சு செய்தேன். ஸ்பேனர் பிடித்த விரல் அல்லவா? 'மகளுக்குக் கொள்ளைத் துறையில் வேலை' என்று போய்விட்டது! மைத்துனரிடமிருந்து உடனே பதில்: "வாழ்த்துகள் மச்சான்! முறையாப் படிச்சிட்டு அந்தத் துறைக்குப் போற முதல் ஆளு நம்ம பொண்ணுதான்!"

சிரிப்பு போதும், சங்கதிக்கு வருகிறேன். ஏழு மாடிக் கட்டடத்தில் மாடிக்கொரு லிஃப்ட் வாங்குவார்களா? பாமரர் வாங்க மாட்டார்கள், அறிஞர் வாங்குவார்கள்! பெயர்தான் பொது ஆய்வகம், இங்கே ஆறு பேராசிரியர், ஆறு நுண்ணோக்கி, ஆறு பூட்டு. ஆறில் ஐந்தின்மேல் போர்வை. போர்வைக்குள் உறங்கியது கருவியா? கல்வியா? வரி கட்டிய ஊரின் வியர்வையா?

பூட்டைத் திறக்கத்தான் என் மகள் விதி எழுதினாள். கருவி பொது என்றது முதல் விதி. சிறிய கல்லூரியும் முன்பதிவு செய்யலாம் என்றது இரண்டாவது. பழுதை மறைக்கக் கூடாது என்றது மூன்றாவது. விதிகளுக்கு ஒப்புதல் தரும் இந்தக் குழு மூன்றுக்கும் கைதட்டியது. கருவியை வாங்கும்போதே அதை இயக்கும் ஆளுக்கு நிரந்தரப் பணியும் பதவி உயர்வும் தர வேண்டும் என்றது நான்காவது. அதை இன்று பிற்பகல் அடித்துவிடப் போகிறார்களாம். என் மகள் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் பெண்ணுக்கு இந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது.

அடடா, வாயைத் திறந்துவிட்டேனே! முறைக்காதே அம்மாடி, அப்பா லிஃப்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பொதுச்சாமான் என்றால் என்ன? எல்லோரும் பொத்தானை அழுத்துவார்கள். எவரும் எண்ணெய் போட மாட்டார்கள். எண்ணெய் போடுகிறவனைக் கண்டால், 'ஏம்ப்பா, எப்ப முடியும்?' என்று மட்டும் கேட்பார்கள். ஆனாலும் எங்கள் லிஃப்டுக்கு ஓர் ஆள் உண்டு. அவன் கையெழுத்து இல்லாமல் அது ஏறாது, இறங்காது. மனிதனை மாடிக்குத் தூக்கும் பெட்டிக்கே ஆள் வேண்டுமென்றால், மனித அறிவையே தூக்கும் கருவிக்கு வேண்டாமா?

என்னங்கய்யா, முன்வரிசையில்? "இப்பல்லாம் கருவி தானாவே ஓடுது" என்கிறீர்களா? லிஃப்டும் தானாகத்தான் ஓடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் ஏனோ என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள்!

எனக்குப் பின்னால் பன்னிரண்டடிப் பதாகையைப் பாருங்கள். ஒரேயொரு நரம்பணு ஆலமரமாய்க் கிளை விரித்து நிற்கிறது. அடியில் ஆறு பேராசிரியர் பெயர்கள். முதல் பெயர் தலைவருடையது. கண் வலிக்க வலிக்கக் குவித்தது யார்? கை அசையாமல் காத்தது யார்? பத்து முறை கலங்கிய படத்தைப் பதினோராம் முறை தெளிய வைத்தது யார்? சொல்லுங்கள் தலைவரே!

என்னங்கய்யா? மோட்டார் சத்தத்தில் கிடந்த காது, கொஞ்சம் மந்தம். மைக்கிடம் வந்து சொல்லுங்கள்.

"கீழ் ரூம்ல இருக்கிற பொண்ணுதான் எடுத்துச்சு."

ஒப்பந்தம் முடியப்போகிற அந்தப் பெண்ணை விழாவுக்குக் கூப்பிடவில்லையா?

"கூப்பிட்டோமேங்க! மிஷினை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லிருச்சு."

கேட்டீர்களா பெருமக்களே? ஆளே வேண்டாத கருவியாம். அதை விட்டுவிட்டு அந்த ஆளால் அரைமணி நேரம் வர முடியவில்லையாம்! கைதட்டாதீர்கள், தலைவர் ஏதோ சொல்கிறார்.

"சரி சரி, நாலாவது விதி இருக்கும். நீங்க உக்காருங்க."

காது, ஐயா, காது!

"இருக்கும்னேன்! எழுதியே தர்றேன்!"

முன்னூறு பேர் சாட்சியாகச் சொல்லிவிட்டீர்கள். வாழ்க உங்கள் வாக்கு, வளர்க உங்கள் குழு! பொறுமையாகக் கேட்ட சபைக்கு என் வணக்கம். நன்றியை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு உரியவள் கீழே ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். செய்தி தெரியாமல் இருக்கிறாள். இதோ, படியிறங்கிப் போகிறேன்.