84-ஆம் கொக்கியில் இருந்த கைப்பேசி

நாள்: 2-ஆம் தேதி, திங்கட்கிழமை. நேரம்: காலை 11.10 மணி.
பெயர்: ஷஃபியுல்லா. தகப்பனார்: காலஞ்சென்ற அஸ்கர் அலி. வயது: 51.
தொழில்: டீக்கடை, நகல் எடுக்கும் கடை.
முகவரி: சிப்காட் இரண்டாவது குறுக்குச் சாலை, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டம்.

நான் மேற்கண்ட முகவரியில் மனைவி சைதாவுடன் குடியிருக்கிறேன். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். சொந்த ஊர் பழவேற்காடு. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தமிழ் நன்றாக வாசிப்பேன். ஆங்கிலத்தில் எண்ணும் கம்பெனிப் பெயர்களும் தெரியும், வாக்கியமாக வாசிக்க வராது. இன்று என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் தமிழ்செல்வி அம்மா முன்பாக இதைச் சொல்கிறேன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் சைக்கிளில் டீ கேன் கட்டிக்கொண்டு வந்து கம்பெனி வாசலில் விற்கத் தொடங்கினேன். இப்போது அதே வாசலுக்கு எதிரே சொந்தக் கடை இருக்கிறது. எதிரே உள்ள கம்பெனி வண்டி உதிரிப் பாகங்கள் செய்வது. உள்ளே கைப்பேசி எடுத்துச் செல்லக் கூடாது. ஆகையால் வேலைக்கு வருகிறவர்கள் என் கடையில் கைப்பேசியை வைத்துவிட்டு எண் போட்ட வில்லையை வாங்கிக்கொண்டு போவார்கள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. கைப்பேசியை எடுக்க வருகிறவர் டீ குடிக்காமல் போக மாட்டார் என்பது என் கணக்கு. ஒரு ஷிப்டுக்கு நூற்று அறுபது கைப்பேசி வரை இருக்கும். சுவரில் பலகை அடித்து, வரிசையாகக் கொக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு உறை தொங்கவிட்டிருக்கிறேன். முன்பு துணிப் பைதான் இருந்தது. ஷிப்டு விடும் நேரத்தில் பையைத் திறந்து திறந்து பார்த்துக் கொடுக்கத் தாமதமாகிறது என்று போன வருடம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகளாக மாற்றினேன். அது என்னுடைய யோசனை. அதன் பிறகு திரையில் என்ன வந்தாலும் வெளியிலிருந்தே தெரியும்.

உறையில் இருக்கும் கைப்பேசி மூன்று முறை தொடர்ந்து அடித்தால் நான் எடுத்து, ஆள் உள்ளே இருக்கிறார் என்று சொல்வேன். அவசரம் என்றால் வாசல் காவலரிடம் சொல்லி ஆளை வெளியே வரவழைப்பேன். அதேபோல் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்தால், வந்த எண்ணைச் சொல்லுங்கள் பாய் என்று வீட்டிலிருந்து என் கடைக்குப் போன் செய்வார்கள். உறையைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். பார்சல் வந்தாலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேருக்காவது சொல்வேன். இதை உதவி என்றே நினைத்துச் செய்துவந்தேன். கடைக்கு நல்ல பெயரும் இதனால்தான்.

சந்திரகலா என்பவரை ஆறு வருடமாகத் தெரியும். மேற்படி கம்பெனியில் வேலை செய்கிறார். அவருடைய கொக்கி 84. அவர் கணவர் வசந்தகுமார் பிரிந்து போய்த் திருப்பாச்சூரில் தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் ஸ்நேகா, வயது 15, பத்தாம் வகுப்பு, தாயோடு இருந்துவந்தாள்.

சென்ற மாதம் 18-ஆம் தேதி திங்கட்கிழமை சந்திரகலாவுக்கு மதிய ஷிப்டு. ஒன்று நாற்பதுக்குக் கைப்பேசியை என்னிடம் கொடுத்து, வில்லையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு மாலை நான்கு இருபது மணி அளவில் ஸ்நேகா பள்ளிச் சீருடையில் சைக்கிளில் வந்தாள். கையில் வேறு ஒரு பழைய கைப்பேசி இருந்தது. தாயின் ஆதார் நகலும் இருந்தது. அந்த நகல் உதவித்தொகைக்காக என் கடையில் எடுத்ததுதான். அவள், “அங்கிள், எங்கம்மா போன்ல ஒரு நம்பர் வந்துருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?” என்றாள். நான், “கேஸா?” என்றேன். “இல்ல அங்கிள், ஸ்கூலுக்கு” என்றாள். அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் 84-ஆம் உறையைத் தூக்கிப் பார்த்து, ஆறு இலக்கம் உள்ள எண்ணை, தவறிவிடக் கூடாது என்று இரண்டிரண்டாகப் பிரித்துச் சொன்னேன். எண்ணுக்கு மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. அதை வாசிக்க எனக்கு வராது, வாசிக்கச் சொல்லி யாரையும் கேட்கவும் இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணைப் போட்டுவிட்டு, “ஆயிடுச்சி அங்கிள்” என்று திரையை என் பக்கம் காட்டினாள். நான் தலையாட்டினேன். அதன் பிறகு அவளுக்கு ஒரு பன் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் ஷிப்டு முடிந்து சந்திரகலா வந்து வில்லையைக் கொடுத்துக் கைப்பேசியை வாங்கிப் போனார். மகள் வந்துபோன விஷயத்தை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு 28-ஆம் தேதி சந்திரகலா வேலைக்கு வரவில்லை. 84-ஆம் கொக்கியில் உறை காலியாகத் தொங்கியது. முந்தின நாள் ஸ்நேகா பள்ளிக்குப் போகாமல் ரயில் ஏறி மீஞ்சூர் போய்விட்டாள் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். கைப்பேசியில் பிரின்சி என்ற பெயரில் அவளோடு பழகியது ஒரு ஆண் என்றும், மீஞ்சூர் ஸ்டேஷனில் நான்கு மணி நேரம் காத்திருந்த அவள், வந்த ஆளைப் பார்த்ததும் பயந்து, டிக்கெட் கொடுக்கும் அம்மாளிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள் என்றும், பிள்ளைக்குச் சேதம் ஒன்றும் இல்லை என்றும், இப்போது திருவள்ளூரில் உள்ள குழந்தைகள் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரிந்துகொண்டேன். சேதம் இல்லை என்று கேட்ட பிறகும் அன்று இரண்டு பேருக்குச் சர்க்கரை போடாத டீ கொடுத்துவிட்டேன்.

29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, நான் தொழுகை முடித்துக் கடைக்கு வந்தபோது சந்திரகலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் கைப்பேசியில் முகம் தெரியாதவர்களோடு பேசிப் பழகும் இந்த மாதிரிக் கணக்குத் தொடங்க வேண்டுமானால் தாய் தகப்பன் சம்மதம் வேண்டும் என்று இப்போது சட்டம் இருப்பதாகவும், ஸ்நேகாவின் கணக்குக்கு 18-ஆம் தேதி மாலை நான்கு இருபத்திரண்டுக்கு, தாயின் ஆதார் எண்ணும் தாயின் கைப்பேசிக்கு வந்த எண்ணும் போட்டுத் தாய் சம்மதம் கொடுத்ததாகப் பதிவு இருப்பதாகவும் அவர் சொன்னார். தாய் அலட்சியமாகச் சம்மதம் கொடுத்துவிட்டாள், பிள்ளையை என்னிடம் கொடுங்கள் என்று வசந்தகுமார் குழந்தைகள் நலக் குழுவில் மனுக் கொடுத்திருப்பதாகவும், 3-ஆம் தேதி காலை முடிவு சொல்வார்கள் என்றும் சொன்னார். நம்பரை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தேன் என்பதற்கு மேல் பிள்ளை வாய் திறக்கவில்லையாம். அம்மாவைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறாள் என்று குழுவில் நினைக்கிறார்களாம். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்து, “பாய், அன்னிக்கி என் போனு இங்கதான இருந்துச்சி? யார் கைலயும் குடுக்கலியே?” என்று கேட்டார்.

நான், “யார் கைலயும் குடுக்கலம்மா” என்றேன்.

அவர், “அதத்தான் நானும் சொல்றேன். நம்ப மாட்றாங்க பாய்” என்றார். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது மட்டும் போதாது என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவர் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டதால் சொல்கிறேன். நான் பயந்தேன். உறையில் இருக்கும் கைப்பேசியைப் பார்த்து எண் சொல்கிறேன் என்று வெளியே தெரிந்தால் ஒருவரும் என்னை நம்பிக் கைப்பேசி வைக்க மாட்டார்கள். கைப்பேசி வராவிட்டால் டீயும் இல்லை. கம்பெனிக்காரர்கள் வேறு இடம் ஏற்பாடு செய்துவிடுவார்கள். என் மேல் வழக்கு வருமா என்றும் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. கல்லாவுக்கு மேலே உள்ள கேமராவில் பதினைந்து நாள் பதிவுதான் நிற்கும், அதன் பிறகு பழையது தானாக அழிந்து புதியது ஏறும். 18-ஆம் தேதி மாலைப் பதிவு 3-ஆம் தேதி மாலை இருக்காது. நான் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும். அந்த எண்ணம் எனக்கு வந்தது உண்மை. அந்த இரண்டு நாளும் பதிவுப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். எரிய வேண்டும் என்று பார்த்தேனா, அணைந்துவிட வேண்டும் என்று பார்த்தேனா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

வீட்டில் சைதாவிடம், நான் யார் கையிலும் போனைக் கொடுக்கவில்லை என்று சந்திரகலாவிடம் சொன்னதைச் சொன்னேன். அவள், “போன குடுக்கல, சரி. நம்பர?” என்றாள். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “இன்னாங்க, உங்க வாயி நாஷ்டாக்கு மட்டும்தான் தொறக்குமா?” என்றாள்.

நேற்று 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அதில் சத்தம் இல்லை, படம் மட்டும்தான். நான் ஒரு கையில் கரண்டியோடு மறு கையால் உறையைத் தூக்குகிறேன். என் வாய் மூன்று முறை அசைகிறது. அதன் பிறகு பிள்ளை திரையை என் பக்கம் காட்டுகிறாள். நான் அதைப் பார்க்கவே இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறேன்.

பதிவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது, மாலை ஐந்து மணி அளவில் வசந்தகுமார் வந்தார். என்னை அவருக்கு முன்பே தெரியும். “இன்னா பாய், கட ஜோரா போவுது போல” என்று சொல்லி உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். சந்திரகலா இடைவேளையில் வெளியே வந்து கைப்பேசியை எடுத்துப் பேசும் வழக்கம் உள்ளவர் என்று அதில் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு என் பெயர் போட்டிருந்தது.

“ஒரே வரி பாய். பாத்தவரு நீங்கதான” என்றார்.

“நான் பாக்கலியேப்பா. ஷிப்டுக்குள்ள போனா, அவசரம்னு நான் கூப்ட்டா தவிர ஆரும் வெளிய வர முடியாது” என்றேன்.

“பாக்கலன்னா அந்த நம்பர ஆரு சொன்னதுன்னு கேப்பாங்க. உங்களுக்கு எதுக்கு அந்த பேஜாரு?” என்றார். அவருக்கு விஷயம் தெரிந்து சொன்னாரா, சும்மா மடக்கிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் நான் தப்பித்துவிடலாம் என்பது புரிந்தது. வியாபாரி கண்ணுக்கு அது உடனே புரியும்.

நான், “பொண்ணு பத்தாவது பரிச்ச எழுதணுமேப்பா” என்றேன்.

அவர், “எழுதி இன்னா கலெக்டர் ஆவப் போவுதா? படிச்சது போதும் பாய். எங்க அக்கா ஊட்ல வுட்டுடுவேன். அவங்களுக்கும் ஒரு பையன் இருக்கான். அங்கியே இருந்துக்கினு போவட்டும்” என்றார். அதைச் சாதாரணமாக, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். நான் தாளைத் திருப்பிக் கொடுத்து, கண்ணாடி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அதன் பிறகு கடையை அடைத்துவிட்டு, பழைய துணிப் பைகளைத் தேடி எடுத்து, பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிவிட்டுக் கொக்கிகளில் மாட்டினேன். நூற்று அறுபதும் மாட்டி முடித்தேன். இன்று காலை ஷிப்டுக்கு வந்தவர்கள், என்ன பாய் பழையபடி ஆக்கிவிட்டீர்கள் என்று கேட்டார்கள். வில்லையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வீட்டிலிருந்து சிலிண்டர் எண் கேட்டுப் போன் வந்தது. உள்ளே போனவர் வெளியே வந்த பிறகு அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு பதிவுப் பெட்டியைக் கழற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

18-ஆம் தேதி மாலை நான்கு இருபத்திரண்டுக்குச் சந்திரகலா கம்பெனிக்குள் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தார். அவர் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் கம்பெனி வருகைப் பதிவில் இருக்கும். அவர் கைப்பேசி என் பலகையில் 84-ஆம் கொக்கியில் இருந்தது. அந்தச் சம்மதத்தை அவர் கொடுக்கவில்லை. பாலைப் பார்த்துக்கொண்டே கொடுத்தது நான். இதற்காக என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாளைக் காலை குழு கூடுவதற்குள் இது திருவள்ளூர் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே நான் கேட்டுக்கொள்வது. பதிவுப் பெட்டியை இன்று ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டேன்.

எழுதி முடித்ததும் கையெழுத்திட வேண்டிய இடம் எனக்குக் காட்டப்பட்டது. முதலில் முழுவதையும் வாசிக்கும்படி கேட்டேன். உதவி ஆய்வாளர் அம்மா நான்கு பக்கத்தையும் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். “தெரியாமல் சொன்னேன்” என்று இருந்த இடத்தை அடித்து, “மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சொன்னேன்” என்று மாற்றச் சொன்னேன். மாற்றப்பட்டது, பக்கத்தில் சிறு கையெழுத்திட்டிருக்கிறேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மை, ஒருவர் தூண்டுதலும் இல்லை. கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே கீழே என் பெயரை எழுதுகிறேன்.

ஒப்பம்: அ. ஷஃபியுல்லா

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது:
தமிழ்செல்வி, உதவி ஆய்வாளர்
2-ஆம் தேதி, பிற்பகல் 1.35 மணி