மாடு பேசாத உறவு

தலைமை ஏற்றிருக்கும், இந்தக் கிழவன் எப்போது முடிப்பான் என்ற கவலையை முகத்தில் காட்டாத பெருந்தன்மைக்குரிய செவிலியர் நொலுந்தி அம்மையார் அவர்களே! ஊர்ப் பெரியவர்களே! சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, வியாழன்தோறும் நம் பாவங்களுக்காக முழங்கால் தேய்க்கும் ஜெபக்குழுத் தாய்மார்களே! ஏனோ வாசலை ஒட்டியே அமர்ந்திருக்கும் ஆண் சிங்கங்களே! எல்லோரையும் வணங்குகிறேன்.

இந்த மண்டபத்தின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. "இரத்தம் கொடுக்க வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகள்தான்." நானே படித்தேன். போன குளிர்காலத்தில்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். இந்த ஒரு வரிக்காகவே கற்றிருக்கலாம்.

எல்லோரிடமும் ஒரே கேள்வியாம்! எவ்வளவு அநியாயம்! முன்பு எவ்வளவு வசதியாக இருந்தது! ஆணோடு வாழும் ஆணா நீ? வெளியே போ. இல்லையா? வா ராஜா, கையை நீட்டு. அவ்வளவுதான் பரிசோதனை. அவ்வளவுதான் பாதுகாப்பு.

டயர்க் கடை ஸிவூயிலே போன வருடம் வந்தார். அவரும் மொன்வாபிஸியும் நெடுங்காலமாக ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கு ஒருவர் என்று வாழ்கிற இரண்டு ஆண்கள். கேட்டார்கள், உண்மையைச் சொன்னார், திருப்பி அனுப்பினார்கள். அதே நாளில் நம் பாடகர் குழுத் தலைவர் வெலாபி கொடுத்தார். பழச்சாறு குடித்தார். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை வாங்கினார். அடுத்த ஞாயிறு அவருக்கு முன்னால் அந்த வில்லைதான் கோயிலுக்குள் நுழைந்தது! அவருக்கு அடிக்கடி உம்டாட்டா நகரில் ஏதோ பாட்டுப் பயிற்சி. அது என்ன பயிற்சி என்று ஊருக்கே தெரியும். இரண்டு பேருக்குத்தான் தெரியாது: இரத்த வங்கிக்கும், அவர் மனைவி நொவினிலேவுக்கும்.

யாரோ இருமுகிறீர்கள். இருமுங்கள் ஐயா, கதை நிற்காது.

மூன்று மாதம் முன்பு என் மனைவி நொம்புலெலோவுக்கு வயிற்றில் கட்டி. உதிரம் போய்க்கொண்டே இருந்தது. குளிர்பெட்டியில் இரத்தம் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார் மருத்துவர். இங்கே எடுப்பது நகரத்துக்குப் போய், சோதிக்கப்பட்டு, திரும்பி வர வேண்டும். இரத்த வங்கி வண்டி வந்தது. என் வயதைக் கேட்டு என் கையை வேண்டாம் என்றார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து வரிசையைப் பார்த்தேன். நீண்ட வரிசை! நெஞ்சு நிறைந்த வரிசை! முதல் ஆள் வெலாபி, வில்லையோடு.

கேள்விகள் திரைக்குப் பின்னால் தணிந்த குரலில்தான் கேட்கப்படும். ஆனால் வெலாபியின் குரல் தணியுமா? புதிதாக யாருடனாவது உறவு உண்டா என்று கேட்டிருக்கிறார் நொலுந்தி.

"மனைவியைத் தவிர யாரும் இல்லம்மா. உம்டாட்டாவுல இப்ப புதுசா ஒருத்தி இருக்கா, இந்தச் சோளம் அறுத்ததுக்கு அப்புறம் பழக்கம். ஆனா பரிசத்துக்கு எத்தனை மாடுன்னு அவ அப்பா வீட்டுல இன்னும் பேசவே இல்லையே. மாடு பேசாதவ எப்படிம்மா கணக்குல வருவா?"

மண்டபமே கேட்டது. நொலுந்தியின் பதிலையும் கேட்டது.

"மாடு பேசினதும் பேசாததும் உங்க ரத்தத்துக்குத் தெரியாதுங்க ஐயா. மூணு மாசம் கழிச்சு வாங்க."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்த நொவினிலே, என் மனைவியின் ஜெபத் தோழி, அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டார். கணவனுக்கு வேறு துணை உண்டா என்று அவரிடமும் கேட்பார்களே! ஒரு நிமிடம் முன்பு வரை அவருக்குப் பதில் வேறு. எழுந்து போய்விட்டார்.

அப்புறம் பாருங்கள் அற்புதத்தை! ஒருவருக்கு ஆடு காணாமல் போனது. ஒருவருக்கு வேலி சாய்ந்தது. ஒருவருக்கு மாமியார் நினைவு வந்தது. மாமியார் இறந்து பல காலம். ஆண்களின் வரிசை உருகியது, ஒழுகியது, ஒழிந்தது! என் நொம்புலெலோ கட்டிலில் வெளுத்துக் கிடக்கிறாள். இங்கே ஆண்கள் பக்கம் காலி நாற்காலிகள்.

வரிசையின் கடைசியில் நின்ற இருவர், ஸிவூயிலேவும் மொன்வாபிஸியும், முதல் ஆட்களானார்கள். ஸிவூயிலே உட்காரவில்லை.

"நொம்புலெலோ அம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க, வந்தோம். போன தடவை மாதிரி அனுப்புறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, டயர் கழட்டினபடியே கிடக்கு."

நொலுந்தி அதே கேள்விகளைக் கேட்டார். ஒரே ஆள், வெகுகாலமாக, என்று இருவரும் பதில் சொன்னார்கள். கையை நீட்டினார்கள். அதைப் பார்த்துப் பெண்கள் எழுந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக.

அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. யார் இரத்தம் அவள் உடம்பில் ஓடுகிறது? பையில் பெயர் இல்லை, தோழர்களே! நீ யார் என்று பை கேட்பதில்லை. நீ என்ன செய்தாய் என்று கேட்கட்டும். என்னையும் கேட்கட்டும், போதகரையும் கேட்கட்டும், பாடகரையும் கேட்கட்டும்! அந்தக் கேள்விக்குப் பயந்து ஓடுகிறவன், அடுத்தவனை ஒதுக்கச் சொல்ல என்ன உரிமை பெற்றான்?

இன்று காலை கதவு திறக்குமுன்னே ஒருவர் வந்து நின்றார். நொவினிலே. தனியாக. திரைக்குப் பின்னால் போனவர், கணவரிடம் கற்றாரோ என்னவோ, மண்டபம் அதிரச் சொன்னார்:

"அன்னைக்கு நொம்புலெலோவுக்குக் கொடுக்க முடியல. மூணு மாசமா நான் தனியாத்தான் இருக்கேன், இனிமேலும் அப்படித்தான். எடுத்துக்கோம்மா."

எடுத்துக்கொண்டார்கள். செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. கை கொடுத்தவர்களுக்கு, என் வீட்டில் இப்போது நடமாடுகிற ஒருத்தியின் பெயரால், தலை தாழ்ந்த வணக்கம்.