முனாதிக்காரர்

காட்பாடிக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருவர். ஒருவர் ஆம்பூர்த் தோல் வியாபாரி. மற்றவர் மடியில் தமுக்கு இருந்தது.

“எங்கம்மா தெனமும் தொழுதுட்டுக் கேக்கற துவாவுல உங்களைச் சேத்துக்கறாங்க,” என்றார் வியாபாரி, தமுக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று.

“இன்னா சாயபு சொல்றீங்க? நான் தண்டோரா போடறவன்.”

“பாலாத்துல வெள்ளம் வந்தப்ப எங்க தெருவுல முனாதி போட்டது நீங்கதானே?”

“நாந்தான். கடைத்தெருவுல தமிழ்ல சொன்னா போதும்னாங்க. உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குப் புரியாதேன்னு, தண்ணி வருதுன்னு சொல்ல ‘முனாதி! பானி, பானி!’ன்னு கத்திக்கிட்டே ஓடினேன். உருதுல எனக்குத் தெரிஞ்சது அந்த ரெண்டு வார்த்தைதான்.”

“அதைக் கேட்டுத்தான் அம்மா மாடி ஏறினாங்க. நான் வேலூர்ல இருந்தேன், வீட்ல அவங்க தனியா. கொஞ்ச நேரத்துல கீழ இடுப்பளவு தண்ணி.”

தமுக்குக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “வரிக்கும் ஜப்திக்கும் தண்டோரா போட்டுத் திட்டுதான் வாங்கியிருக்கேன் சாயபு.”

“பேரு தெரியாம, ‘முனாதிக்காரரு நல்லா இருக்கணும்’னுதான் கேக்கறாங்க. உங்க பேரைச் சொல்லுங்க.”

ஊருக்கே கேட்கும்படி கத்துகிறவர், எதிரில் இருந்த எனக்குக்கூடக் கேட்காத குரலில் தன் பேரைச் சொன்னார். வியாபாரி குனிந்து, காது கொடுத்து வாங்கிக்கொண்டார்.