சென்னகிருஷ்ணன் ஐயா திருத்திய அந்த ஒரு வரி

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, சங்கத் தோழர்களே, தொரப்பள்ளியிலிருந்து வந்திருக்கும் ஐயாவின் குடும்பத்தாரே, ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் சீருடையோடு நிற்கும் என் சகாக்களே, பராமரிப்புப் பிரிவு குருமூர்த்தியின் கனத்த வணக்கம்.

நம் ஆலையின் கணினிப் பிரிவு மேலாளர் சென்னகிருஷ்ணன் ஐயா, ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். மூன்றிலும் நம்மைக் கேலி செய்வார். அந்த மனிதர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்த வியப்பு இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கணினிச் சொல்படி உலோகம் வெட்டும் நம் சிஎன்சி இயந்திரங்களுக்கு புரோகிராம் அனுப்பும் லினக்ஸ் கணினி ஒரு காலையில் முரண்டு பிடித்தது. எதைத் தட்டினாலும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. கோப்புகளைக் காட்டு என்றால் இல்லை. தேதி சொல் என்றால் இல்லை. கோப்பைத் திறந்து திருத்தலாம் என்றால், திருத்தும் கருவியும் இல்லை. உற்பத்தி லைன் நின்றது. சர்வீஸ்காரர் போனில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள் என்றார். இத்தனை வருட புரோகிராம்களும் அதில்தான் இருந்தன.

ஐயா வந்தார். யார் செய்தது என்று கேட்டாரா? கேட்கவில்லை. “நேத்து இதுல புதுசா என்ன சேர்த்தீங்க?” என்று மட்டும் கேட்டார்.

பயிற்சிப் பொறியாளர் ரூபா அழுகையை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “லேபிள் சாஃப்ட்வேர் போட்டேங்க சார். அதோட ஃபோல்டரை ‘பாத்’ வரில எழுதினேன்.”

நாம் தட்டும் கட்டளையை எந்தெந்த ஃபோல்டரில் தேடவேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் வரி அது. பழையவற்றோடு சேர்த்து எழுதாமல், புதியதை மட்டும் எழுதிவிட்டார் ரூபா. கட்டளைகள் எல்லாம் வைத்த இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தன. கணினிதான் வேறிடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

ஐயா என்ன செய்தார்? கட்டளையோடு அது இருக்கும் ஃபோல்டரின் முழு விலாசத்தையும் சேர்த்துத் தட்டினார். இல்லை இல்லை என்று சாதித்த திரை, அத்தனை கோப்புகளையும் வரிசையாகக் கொட்டியது. “எங்கியும் போகலப்பா, எல்லாம் இங்கதான் இருக்குது,” என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. திருத்தும் கருவியையும் அதேபோல் முழு விலாசத்தோடு திறந்தார். லாகின் செய்ததும் கணினி படிக்கும் தொடக்கக் கோப்பில், பழைய ஃபோல்டர்களை மறுபடி எழுதி, புதியதைக் கடைசியில் சேர்த்து, அந்த வரியைத் திருத்தினார். அத்தோடு எழுந்தாரா? இல்லை. தவறினால் திரும்பி வர வழி வேண்டுமென்று, திரையில் வேலை செய்த ஜன்னலை மூடாமல், இன்னொன்றில் புதிதாக லாகின் செய்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் டீ கேட்டார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எதையும் அழிக்காமல், ஒரே வரியில் ஓர் ஆலையை எழுப்பியவர் அவர்.

ஆனால் லைன் நின்றதற்காக ரூபா மீது நாளை விசாரணை. வேலையே போகலாம். அங்கே அவருக்காகப் பேசுவதாக ஐயா இருந்தார். சனிக்கிழமை கேன்டீனில் என்னிடம் சொன்னார்: “குரு, அந்தப் பொண்ணு உள்ளதைச் சொன்னதாலதான் உடனே புடிச்சேன். பயந்துட்டு வாயை மூடியிருந்தா, நான் தேடிட்டே இருந்திருப்பேன், அதுக்குள்ள டிஸ்க்கை அழிச்சிருப்பாங்க. இப்ப அவளை வெளிய அனுப்பினா, அடுத்த தடவ யாருய்யா வாயைத் தொறப்பாங்க?”

இயக்குநர் அவர்களே, அவருடைய அறிவு எங்களில் எவருக்கும் இல்லை. அவர் கேட்ட கேள்வியை மட்டும் நாங்கள் விடமாட்டோம். நாளை விசாரணை அறையில் அவர் சொல்ல இருந்ததை நான் சொல்வேன். பராமரிப்புப் பிரிவு முழுதும் வாசலில் நிற்கும்.

ரூபா, நாளைக்கு நீ தனியாக வரவேண்டாம் அம்மா. ஆலை கேட்டருகே இரு. எல்லோரும் சேர்ந்தே உள்ளே போவோம்.