வரிசை மாறின பாட்டுப்பெட்டி

...பெட்டியத்தான் சொல்றேன் அண்ணே, வேற யாரைச் சொல்லப்போறேன். சத்தமெல்லாம் நல்லாத்தான் வருது. பாட்டோட வரிசைதான் குழம்பிப்போச்சு. நேத்து வகுப்புல எதையோ முன்னால போட்டு, எதையோ பின்னால போட்டு... என் மானமே போச்சு. நீங்க கழட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

இது டேங்கோ கிளாஸ், ஜோடி ஜோடியா ஆடற வெளிநாட்டு டான்ஸ். பாட்டு மூணு தினுசு. டேங்கோன்னா நாலு நாலா எண்ணி நிதானமா நடக்கணும். வால்ஸுன்னா மூணு மூணா சுத்தி வரும். மிலோங்கான்னா பஸ்ஸைப் புடிக்கப்போற மாதிரி குடுகுடுன்னு ஓடணும். அவ்வளவுதான்! இதைக் காதால கண்டுபிடிக்கச் சொல்லிக்குடுத்தே ஒரு வருஷமா என் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. எல்லாரும் கெட்டிக்காரங்கதான். அந்தப் பல் டாக்டர் இருக்காரே, பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே 'வால்ஸ்'னு சொல்லிடுவாரு. அப்படியே பூரிச்சுப்போவேன்.

நேத்து அதே மனுஷன் மிலோங்காவுக்கு ஆற அமர நடந்து, பின்னால ஓடி வந்த ஜோடி இடிச்சு, ஒரு அம்மாவுக்குச் செருப்பே பிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை பெரிய ஹால்ல எல்லா கிளாஸும் ஒன்னா ஆடுறோம். அங்க பாட்டு போடறது ஹால்காரங்க. அங்கயும் இந்தக் கூத்து நடந்தா, நான் கிளாஸை இழுத்து மூட வேண்டியதுதான்.

என்னது, கோளாறே இல்லையா? கலைச்சுப் போடற பட்டன் அமுங்கியிருக்கா... ஆமா, நேத்து நான்தான் தூசி தட்டினேன். அப்போ இத்தனை நாளா? ஒரே வரிசைதான். நாலு டேங்கோ, மூணு வால்ஸ், மூணு மிலோங்கா. ஒரு வருஷமா மாத்தவே... ஐயையோ. அண்ணே, என் கிளாஸ்காரங்க பாட்டையே கேக்கல. வரிசையை மனப்பாடம் பண்ணிட்டாங்க.

நேத்து எங்க வீட்டுக்காரர் வேற, நீயே வால்ஸுக்கு நாலு எண்ணினியேன்னாரு. ராத்திரியெல்லாம் அவரோட பேசவே இல்ல, பாவம்.

எங்க, ஒன்னு போடுங்க பாப்போம். இது... டேங்கோ. இருங்க, சொல்லாதீங்க. மிலோங்காவோ? உங்க கால் ஏன் மூணு மூணா தட்டுது?

அந்தப் பட்டனை எடுத்துவிடாதீங்க அண்ணே, அமுங்கியே கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. தினம் காலையில ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்களேன். ஆட வேணாம், பாட்டைப் போட்டுட்டுக் காலை மட்டும் தட்டுங்க. கத்துக்கணும்... அவங்க கதையை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல நான்.