வருஷத்துக்கு ஒரு படி

கண்ணுகளா, தம்போயில் பொந்தியான் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றபோது என் காதில் விழுந்ததை உங்களுக்கு எழுதிவைக்கிறேன். பக்கத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நின்றாள். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக அவள் அப்பா வந்திருந்தார். வழியனுப்ப மாமியார் வந்திருந்தாள்.

“வீட்டு வாசல்ல வருஷத்துக்கு ஒரு படி கட்டுறேன், சம்மந்தியம்மா,” என்றார் அப்பா. “வீடு உசரல. தரை கீழ போகுது.”

“காலையிலேயே கள்ளா, சம்மந்தி?”

“சத்தியமா! சதுப்பு நிலம்லா. வாய்க்கா வெட்டித் தண்ணிய வடிச்சாங்க. ரெண்டு வருஷமா மழையும் பொய்ச்சிருச்சு. மண்ணு காஞ்சு சுருங்குது. வீட்டுத் தூணு ஆழத்துல களிமண்ணுல நிக்கிறதால வீடு மட்டும் அப்படியே நிக்குது.”

“அலமாக், ஐயையோ! அங்கயா எம்மருமகள அனுப்புறது? அவ வரமாட்டா.”

பெண் சிரித்தாள். “நான் பெரியவளானப்போ ரெண்டு படி, மாமி. கல்யாணத்துக்கு எறங்கினப்போ ஆறு.”

“பயமா இல்லையாடி?”

“பயந்தான். ஆனா ரப்பர் மரமெல்லாம் வேர ஊனி எந்திரிச்சு நிக்கும். வேருக்கு அடியில கோழி குஞ்சுகளோட படுத்திருக்கும். முன்ன அங்க மண்ணு இருந்துச்சு, மாமி.”

பஸ் வந்ததும் மருமகளின் மூட்டையோடு முதலில் ஏறி உட்கார்ந்தவள் மாமியார்தான்.

“நானும் வரேன். பூமி எறங்குறத எங்கண்ணால பாக்கணும். பிள்ளை பொறக்குற வரைக்கும் இவ கையப் பிடிச்சு நாந்தான் ஏத்தி எறக்குவேன்.”

அன்று வீடு திரும்பியதும், நீங்கள் யாரும் பார்க்காத நேரத்தில், நம் வாசல் மண்ணில் உள்ளங்கையைப் பதித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.