இடது காலுக்கு இரண்டு முறை

உங்கள் காவல் நிலையத்து வாசலில் நிற்கும் வேப்பமரம் நல்ல மரம். பகல் பதினொரு மணிக்கு இவ்வளவு குளிர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆய்வாளர் அம்மா, நீங்கள் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் இராது. எழுபத்தொரு வயதுக்காரனுக்கு நிழலும் சாய்மானமுள்ள ஒரு நாற்காலியும் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிழை இருந்தால் பிறகு நானே திருத்தித் தருகிறேன். அது பழக்கமான வேலைதான்.

முதலில் மணவாளனை விட்டுவிடுங்கள். திரௌபதி அம்மன் கோயில் தீக்குழியில் கட்டை அடுக்குவதும், அது கனன்றபின் நெருப்புக் கங்குகளைத் தட்டிச் சமமாகப் பரப்புவதும் அவன் பொறுப்பு. இருபது ஆண்டுகளாக ஒரு குறைச்சொல் கேட்காமல் செய்து வருகிறான். இந்த வைகாசித் தீமிதியில் நூற்றுப் பன்னிரண்டு பேர் குழியில் இறங்கினார்கள். ஒருவனுக்குத்தான் கால் வெந்தது. குழியில் குறை இருந்தால் அது ஒருவனோடு நின்றிருக்குமா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே இதைக் கேட்டிருப்பார்கள். உங்கள் ஆட்கள் கேட்கவில்லை.

கால் வெந்தவன் முரளிதரன், என் மனைவி சுலோச்சனாவின் தம்பி. அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, பத்து வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காள் கணவனான என்னைப் ‘பாவா’ என்று கூப்பிடத் தொடங்கினான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. விடுமுறைகளில் ஊருக்குப் போய்த் தன் சித்தப்பாவின் தறியில் உட்காருவான். கை ஒரு கணக்கிலும் கால் வேறொரு கணக்கிலும் ஓடுவதை அங்கே பழகிக்கொண்டான். பிறகு அரக்கோணத்தில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்தான். இருபத்து நான்கு வயதில் சென்னைக்குப் போனவன், எழும்பூரில் ஏதோ ஒரு பழைய ஓட்டலில், மேசைவிரிப்பு போட்டு மூடி வைத்திருந்த ஓர் ஆர்கனைக் கண்டான். கைக்கு இரண்டு அடுக்கு விசைகள், காலால் மிதித்து வாசிக்க இருபத்தைந்து மரக்கட்டைகள், பக்கத்தில் ஆளுயரப் பெட்டிக்குள் சுழலும் ஒலிபெருக்கி. முன்னால் உட்கார்ந்ததும் தறியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று அக்காளிடம் தொலைபேசியில் சொன்னானாம். என்னிடம் சொல்லவில்லை.

அதில் அவன் ஜாஸ் வாசித்தான். ஓட்டலில் தொடங்கி, பெங்களூரு அரங்குகள், மும்பை விழா, இரண்டு ஆல்பங்கள், நாளிதழில் படம். நான் ஒரே ஒரு முறை நேரில் கேட்டேன். நல்ல மெட்டு ஒன்றை எடுத்தான். இரண்டு நிமிடத்தில் அதை நடுத்தெருவில் விட்டுவிட்டு எங்கெங்கோ போனான். கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியது. முடிந்ததும் கேட்டேன்.

“பாட்டு எங்கடா போச்சு?”

“அது அங்கியே தான் இருக்குது பாவா. நாமதான் ஒரு சுத்து சுத்திட்டு வறோம்.”

“வழி தவறிட்டா?”

“தவறணும் பாவா. தவறினாத்தான் ஜாஸு.”

ஒழுங்கு என்பது என்ன என்று முப்பத்தொரு ஆண்டுகள் கற்பித்தவனிடம் இதைச் சொன்னான். நான் சிரித்துக்கொண்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? திருவாலங்காட்டுக் கண்ணையன், கரும்பு விவசாயி, என் நெடுநாள் நண்பர், டீக்கடையில் நாலு பேர் நடுவே சொன்னார். “இன்னா வாத்யாரே, உம் மச்சான் காலால வாசிக்கறதுக்கே ஊரு கை தட்டுது. நீ போர்டுல கையால எழுதினதே எம் பையனுக்குப் புரியல.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நண்பர்கள் பேசுவதை நான் மனத்தில் வைத்துக்கொள்பவன் அல்லன்.

இந்தத் தை மாதம் நெதர்லாந்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு ஜாஸ் அரங்கில் இரண்டு ஆண்டுகள் வாசிக்கவும், அங்குள்ள மாணவர்களுக்குக் கற்பிக்கவும். அவன் நண்பன் நாகேந்திரன், டிரம்ஸ் வாசிப்பவன், இனிப்போடு வீட்டுக்கு வந்தான்.

“எங்க பேண்டுல கீழ்ச்சுருதி வாசிக்கற பேஸ் கிட்டாரே கிடையாதுங்க சார். முரளியோட இடது காலுதான் எங்க பேஸு. அந்தக் கால வெச்சுத்தான் நாங்க நிக்கறோம்.”

“அப்படியா?” என்று கேட்டுக்கொண்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

சுலோச்சனா அன்று அழுதாள். மகிழ்ச்சியில் அழுவதாகச் சொன்னாள். நாற்பத்து நான்கு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவனுக்கு அழுகையின் வகை தெரியாதா? அவளுக்கு அவன் தம்பி மட்டுமல்லன், மகன். அவன் போய்விட்டால் அவள் உடைந்துவிடுவாள் என்று நான் முடிவு செய்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள்.

வகுப்பில் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஓர் அத்திமரத்தில் ஒரு கிளியும் ஒரு மரங்கொத்தியும் இருந்தன. கிளி நாலு திசைக்கும் பறந்துபோய், நாலு ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு வந்தது. அது இல்லாத நாட்களில் மரம் இலை உதிர்த்தது. மரங்கொத்தி யோசித்தது. ஒருநாள் கிளி கண்ணயர்ந்திருந்தபோது அதன் சிறகை நறுக்கிவிட்டது. அதன்பின் மரம் வாடவேயில்லை. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, “கிளி இன்னா ஆச்சு சார்?” என்று கேட்கும். கதை மரத்தைப் பற்றியது, உட்கார் என்பேன்.

முரளிக்குப் பதினோரு வயதில் டைபாய்டு கண்டபோது, அவன் பிழைத்தால் தீ மிதிக்க வைப்பதாகச் சுலோச்சனா வேண்டிக்கொண்டிருந்தாள். முப்பது ஆண்டுகளாகச் செலுத்தாத வேண்டுதல். கடல் கடந்து போகுமுன் அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடட்டும் என்று அவளுக்கு நினைவூட்டினேன். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்காளுக்காக அவன் ஒப்புக்கொண்டான். காப்புக் கட்டிப் பத்து நாள் விரதம் இருந்தான். மெல்லிய காலுறை மட்டும் அணிந்து வாசித்துப் பழகிய பாதம், குழந்தையின் பாதம்போல் இருந்தது. அதைப் பார்த்துச் சுலோச்சனா கவலைப்பட்டாள். இதைவிட மென்மையான பாதங்களெல்லாம் குழியைக் கடந்திருக்கின்றன என்றேன். அது உண்மை.

குழியில் இறங்குகிறவனின் பாதத்தில் அக்காள் கணவன் மஞ்சள் நீர் ஊற்றி அனுப்புவது அவர்கள் குடும்ப வழக்கம். ஊற்றும் செம்பை வேறு யாரும் தொடக் கூடாது. முதல் நாள் கண்ணையனின் வெல்லக் கொட்டகைக்குப் போய், கொப்பரையிலிருந்து கெட்டிப்பாகு ஒரு தூக்கு வாங்கி வந்தேன். அம்மனுக்குப் பொங்கல் வைக்கவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மஞ்சளோடு அதைக் கரைத்தேன். நிறத்தில் வேறுபாடு தெரியவில்லை.

வெறும் பாதத்தில் நெருப்பு தங்குவதில்லை, அம்மா. பட்டதும் உதிர்ந்துவிடும். அதனால்தான் மற்றவர்கள் கடந்துவிடுகிறார்கள். பாகு பூசிய பாதத்தில் கங்கு ஒட்டிக்கொள்ளும். அடுத்த அடிக்கும், அதற்கடுத்த அடிக்கும் கூடவே வரும்.

“பாவா, பிசுபிசுன்னு இருக்குதே?” என்று கேட்டான்.

“மஞ்சளைக் கெட்டியாக் கரைச்சிட்டேன்டா. கோவிந்தா சொல்லிட்டு எறங்கு.”

வலது காலுக்கு ஒரு முறை ஊற்றினேன். இடது காலுக்கு இரண்டு முறை ஊற்றினேன். கை நடுங்கியதால் அல்ல. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் ஓடவில்லை. ஓடியிருந்தால் காயம் குறைந்திருக்கும். அக்காள் எதிர்முனையில் நின்று பார்க்கிறாள் என்பதற்காக, மற்றவர்கள் நடந்த நடையிலேயே நடந்தான். தீக்குழியின் முடிவில் கால் நனைக்க வெட்டியிருக்கும் பால் குழியில் கால் வைத்த பிறகுதான் விழுந்தான். இடது பாதத்தில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். தொடைத் தோலை வெட்டி உள்ளங்காலில் ஒட்டியிருக்கிறார்கள். ஆர்கன் கட்டைகளின் மேல் நுனிக்காலை ஓடவிடுவது இனி இயலாது என்று மருத்துவர் சொன்னார். நெதர்லாந்துக்காரர்கள் வருத்தம் தெரிவித்து எழுதிவிட்டு வேறொருவரை அழைத்துக்கொண்டார்கள். நாகேந்திரன் வந்து கட்டிலின் கால்மாட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

நேற்று மணவாளனின் மனைவி பிரேமா எங்கள் வீட்டு வாசலில் வந்து அழுதாள். “எம் புருசன் ஒரு பாவமும் அறியாதவருங்க அக்கா” என்றாள். அவள் போனபின் சுலோச்சனா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மறுநா காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்தப்பவே பாத்தேன். மஞ்ச தண்ணி சொம்புல எறும்பு மொய்ச்சிகினு இருந்திச்சு. என் கண்ணையே நான் நம்பல. நீங்களா போய் சொல்றீங்களா, நான் போய் சொல்லட்டா?”

அவள் அப்படிக் கேட்டதால் வந்தேன் என்று எழுத வேண்டாம். குற்றமற்றவன் ஒருவன் உள்ளே இருப்பதை என்னால் பொறுக்க முடியாது. நேர்மையை வகுப்பில் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் அல்லன் நான்.

வருந்துகிறீர்களா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். இல்லை. நீதிபதி கேட்டாலும் இதே விடைதான். ஒரு வீடு சிதறாமல் இருக்க ஒருவர் கடினமான ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும். வாய்ப்பிருந்தால் மறுபடியும் அதே செம்பை எடுப்பேன். சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நான் என் வேலையைச் செய்துவிட்டேன்.

பொறாமையா என்று இந்த எழுத்தர் தம்பி மெல்லக் கேட்டார். கேட்டது என் காதில் விழுந்தது, தம்பி. எனக்கும் இசை தெரியும். பணியில் இருந்த காலம் முழுவதும் பள்ளியின் காலை வழிபாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்தவன் நான். ஒரு நாளும் மெட்டைவிட்டு விலகியதில்லை. மாலையில் வீட்டிலும் வாசிப்பேன். முரளி எங்களோடு இருந்த பதினான்கு ஆண்டுகளில், நான் பெட்டியைத் திறந்தால் போதும், “கடைக்குப் போய்ட்டு வந்துடறேன் பாவா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இப்போது அப்படியில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த இந்த இருபது நாளும் தினமும் மாலையில் அவன் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தேன். சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஒரு நாளும் எழுந்து போகாமல், கடைசிவரை கேட்கிறான்.